முப்பது அங்குலம்

வாசலை அளந்தபோது அங்கே இருந்தவர்கள் ஐந்து பேர். இறந்துபோன கஜபதியின் அக்கா ராஜகுமாரி, மனைவி புஷ்பா, மகள் சௌம்யா, பெரியப்பா மகன் பூபாலன், பாடை கட்ட வந்த துலுக்கானம். வேறு யாரும் இல்லை. பக்கத்து மனைக்காரர் யூசுப் அப்போது வந்திருக்கவில்லை. அவர் வந்தது பதினோரு மணிக்கு மேல்.

அளந்தவர் ராஜகுமாரி. எழுபத்திரண்டு வயது. ஆவடியில் ராணுவத்துக்குச் சீருடை தைக்கும் தொழிற்சாலையில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்து, மேற்பார்வையாளராக ஓய்வு பெற்றவர். தையல் டேப்பின் ஒரு முனையைத் தலைவாசல் படியில் வைத்துச் சௌம்யாவைப் பிடிக்கச் சொன்னார். மறுமுனையை எதிரே இருந்த வடிகால் சுவரில் தானே வைத்தார். கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டுக் குனிந்து பார்த்தார். முப்பது அங்குலம். மறுபடியும் அளந்தார். முப்பதுதான்.

"ரெண்டர அடி," என்றார் துலுக்கானம். "அதத்தான் நான் அப்பவே சொன்னேன் யம்மா. பாடைய நேரா வச்சா செவுத்துல முட்டுது. குறுக்க வச்சா ரெண்டு பக்கமும் அடைப்பு. மேல தூக்கி ரோட்டுக்குக் குடுக்கலாம்னா செவுரு, அதுக்கு மேல கம்பி. நாலு பேரு தோள்ல வச்சிகினு எப்டி ஏறுவான்? பின்னால சந்து கீதுல்ல. ஐஸ் பெட்டி அப்டித்தான வந்துச்சு. அப்டியே எடுத்துகினு பூடலாம்."

"எங்க வீட்ல யாரும் பின்பக்கமா போனதில்ல."

"அதெல்லாம் அந்தக் காலம்க்கா," என்றார் பூபாலன். "இப்ப அடுக்குமாடில சாவறவன லிஃப்ட்ல நிக்க வச்சித்தான் எறக்குறான். அவன் இன்னா கோச்சிக்கினானா?"

துலுக்கானம் சிரிக்கப் பார்த்து, ராஜகுமாரியின் முகத்தைக் கண்டு இருமலாக மாற்றிக்கொண்டார்.

ராஜகுமாரி டேப்பை விரல்களில் சுற்றி மடித்தார். அவசரமில்லாமல் மடித்தார். "எங்கப்பா இந்த வாசல்ல போனாரு. எங்கம்மா இந்த வாசல்ல போனாங்க. சந்து வழியா போறதுக்கு என் தம்பி ஒண்ணும் திருடன் இல்ல. நாலு மணிக்குத்தான எடுக்கணும்? அதுக்குள்ள வழி பாருங்க."

வழி பார்க்கச் சொல்லிவிட்டு உள்ளே போய் ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் போட்டிருந்த நாற்காலியில் முதுகு சாயாமல் உட்கார்ந்தார்.

அயனம்பாக்கத்து வீட்டின் அந்த வாசலுக்கு முன்னால் ஒரு காலத்தில் இருபத்திரண்டு அடி இருந்தது. கைப்பம்பு, ஸ்கூட்டர் நிறுத்தும் இடம், முன்கூரை எல்லாம் அதில் இருந்தன. பதினொரு வருடங்களுக்கு முன் திருவேற்காட்டிலிருந்து வரும் சாலையை அகலப்படுத்த அரசு அந்த முன்பகுதியை எடுத்துக்கொண்டது. எடுத்த நிலத்துக்கு விலை கொடுத்தது. அது குறைவான விலை என்று வீட்டில் யாரும் சொன்னதில்லை. பிறகு சாலையை நாலடி உயர்த்தினார்கள். வீட்டு வாசலை ஒட்டி மழைநீர் வடிகாலும் அதற்கு மார்பளவு சுவரும் வந்தன. மேற்கே கடைச் சுவர், கிழக்கே யூசுப்பின் சுவர். வீடு இடிபடவில்லை. குழிக்குள் உட்கார்ந்துவிட்டது, அவ்வளவுதான். அன்றிலிருந்து போக்குவரத்து எல்லாம் பின்பக்கத்துச் சந்து வழியாகத்தான்.

மகளுக்காக மாடி எடுக்க நினைத்திருந்தார் கஜபதி. முன்னால் விடவேண்டிய இடம் இல்லை என்று கட்டட அனுமதி கிடைக்கவில்லை. வங்கி கடன் தரவில்லை. விற்கலாம் என்றால் பார்க்க வந்த தரகர் சாலையிலிருந்தே எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னா சார் இது, மனையா கெணறா?" என்று கேட்டுப் போய்விட்டார். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டி ஓய்வு பெற்றவர் கஜபதி. கோபப்படத் தெரியாத மனிதர். அன்றைக்கு மட்டும் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் சத்தமாகச் சொன்னார்: "எடுத்துகினு போன நெலத்துக்கு வெல குடுத்துட்டாங்க. எடுக்காம உட்டுட்டுக் கெடுத்த நெலத்துக்கு யாரு குடுப்பா?"

அதைத்தான் மனுவாக எழுதினார். எஞ்சிய நிலத்தின் மதிப்புக் குறைந்ததற்கு இழப்பீடு வேண்டும். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் மனு கொடுக்கும் நாள். ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஒன்பது மணிக்குச் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு மஞ்சப்பையோடு கிளம்பிவிடுவார். ராஜகுமாரிக்கு அது பிடிக்கவில்லை. அந்தக் குடும்பத்தில் யாரும் யார் வாசலிலும் நின்று கேட்டதில்லை. ஒவ்வொரு திங்கட்கிழமையும் கூடத்திலிருந்து கேட்பார்: "கெளம்பியாச்சா தொரை, கை நீட்ட?"

கஜபதி செருப்பைப் போட்டுக்கொண்டே, "சும்மா போய்ட்டு வரேன்க்கா," என்பார். பதினொரு வருடமும் அதே பதில்.

இன்றும் திங்கட்கிழமை. காலை ஏழு மணிக்கே சட்டை போட்டுவிட்டார். மேல் பொத்தான் ஒன்றுதான் பாக்கி. மார்பைத் தடவிக்கொண்டு, புஷ்பாவிடம் காப்பி கேட்டு, கட்டிலில் உட்கார்ந்தார். கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த ராஜகுமாரி தலையைத் தூக்காமல், "இன்னா, இன்னைக்கு ஏழு மணிக்கே கெளம்பியாச்சா தொரை, கை நீட்ட?" என்று கேட்டார். பதில் வரவில்லை. ஒருநாளாவது ரோஷம் வந்ததே என்று நினைத்துக்கொண்டு பேப்பரைத் திருப்பினார். புஷ்பா காப்பியோடு அறைக்குள் போகும்வரை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

அந்தக் கடைசிப் பொத்தானை ராஜகுமாரிதான் போட்டுவிட்டார்.

பத்தரை மணிக்குச் சௌம்யா ஆதார் அட்டையைத் தேடினாள். சுடுகாட்டில் பதிவு செய்ய வேண்டும் என்று அவள் கணவன் போனில் கேட்டுக்கொண்டிருந்தான். பீரோவில் இல்லை. ஆணியில் தொங்கிய மஞ்சப்பையை எடுத்துத் தரையில் கவிழ்த்தாள். பழைய பேப்பர் ஒன்று, மடக்குக் குடை, கழுவிக் கவிழ்த்த சின்ன டிபன் டப்பா, பிளாஸ்டிக் உறையில் ஆதார் அட்டை. வேறொன்றும் இல்லை.

"ஃபைல் எங்கம்மா?" என்று கேட்டாள். "அப்பா மனு ஃபைலு?"

புஷ்பா ஐஸ் பெட்டியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த இடத்தையே துடைத்தாள்.

"வக்கீலு தின்னுட்டிருப்பான்," என்றார் பூபாலன். "சும்மாவா? பதினோரு வருஷம். போனத உட்டுட்டு இருக்கறத வச்சி பொழைக்கத் தெரியல அவனுக்கு. ஆச. இன்னும் வரும் இன்னும் வரும்னு. அந்த ஏக்கத்துலயே பூட்டான்."

ராஜகுமாரி பூபாலனைப் பார்த்தார். தானும் இத்தனை வருடம் ஏறக்குறைய அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

சந்துப் பக்கம் யாரோ தொண்டையைச் செருமினார்கள். யூசுப் வந்து நின்றார். வெள்ளைத் தொப்பி, முழங்கைவரை பஞ்சுத் தூசி. கடையை அப்படியே விட்டுவிட்டு வந்திருக்கிறார். கையில் நாடா கட்டிய தடித்த ஃபைல்.

யூசுப்புக்குப் பூந்தமல்லியில் மெத்தைக் கடை. கிழக்குப் பக்கத்து மூலை மனை அவருடையது. அதில் தகரக் கொட்டகை போட்டு இலவம்பஞ்சு மூட்டைகளை அடுக்கி வைத்திருக்கிறார். இருபத்தாறு வருடங்களுக்கு முன் அந்தப் பஞ்சு பறந்து வந்து ராஜகுமாரி கொடியில் போட்டிருந்த புடவைகளிலும் ஒருநாள் சோற்றுப் பானையிலும் விழுந்தது. "செவுரு எழுப்புங்க, இல்லன்னா பஞ்ச எடுங்க," என்று ராஜகுமாரி அவர் கொட்டகைக்கே போய்ச் சொன்னார். யூசுப் ஒரு வார்த்தை பேசாமல் ஒரே வாரத்தில் தன் செலவில் ஆறடிச் சுவர் எழுப்பினார். அதன் பிறகு இருவரும் பேசிக்கொண்டதில்லை. வெறுப்பு ஒன்றும் இல்லை. யார் முதலில் பேசுவது என்ற கணக்கில் வருடங்கள் போய்விட்டன.

யூசுப் கண்ணாடி வழியாகக் கஜபதியைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு ஃபைலைப் புஷ்பாவிடம் நீட்டினார்.

"பத்து மணி ஆயிட்டும் ஆள் வரலயேன்னு போன் போட்டேன் தங்கச்சி. சௌம்யா எடுத்துச்சு. இது அண்ணனோடது. எங்கிட்ட இருக்கறது சரியில்ல."

"குடுங்க இங்க," என்றார் ராஜகுமாரி. "என் தம்பி ஃபைலு அது."

யூசுப் புஷ்பாவைப் பார்த்தார். புஷ்பா தலையைக் குனிந்துகொண்டாள். அவர் ஃபைலைக் கொடுத்தார்.

"எங்க தம்பி ஃபைல் உங்க கடையில எப்டி?"

"அங்கதாங்க்கா இருக்கும். திங்கக்கெழமன்னா அண்ணன் எங்க கடையிலதான் இருப்பாரு. பேப்பர் படிப்பாரு. ஒரு மணிக்கு டப்பாவத் தொறந்து சாப்டுவாரு. மெத்தைக்கு நூல் இழுத்துக் குடுப்பாரு. நாலு மணிக்குக் கெளம்பிடுவாரு." யூசுப் குரலைத் தாழ்த்தினார். "ஒம்போது வருஷமா."

ராஜகுமாரி நாடாவை அவிழ்த்தார்.

மேலே இருந்தது ஒரு பதில் கடிதம். ஒன்பது வருடத்துக்கு முந்தைய தேதி. 'தாங்கள் மேற்படி இழப்பீட்டுத் தொகையினை எவ்வித ஆட்சேபணையுமின்றி முழுச் சம்மதத்துடன் பெற்றுக்கொண்டுள்ளமையால், எஞ்சிய நிலத்தின் மதிப்புக் குறைவு குறித்த தங்கள் கோரிக்கை ஏற்பதற்கில்லை எனத் தெரிவிக்கப்படுகிறது.' அதற்கடியில் சம்மதப் படிவத்தின் நகல். அதில் இரண்டு கையெழுத்து. முதல் கையெழுத்து ராஜகுமாரியுடையது. நிமிர்ந்த, இடைவெளி விட்ட, ஒரு எழுத்தும் சாயாத கையெழுத்து. அதற்குக் கீழே ஒட்டினாற்போல் கஜபதியின் கையெழுத்து.

அந்த நாள் அவருக்கு நன்றாக நினைவிருந்தது. பட்டா அம்மா பெயரில் இருந்ததால் வாரிசுகள் இருவரும் போக வேண்டியிருந்தது. வரிசையில் இவர்களுக்குப் பின்னால் யூசுப் நின்றிருந்தார். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த எழுத்தர் நல்ல பையன். படிவத்தில் விரல் வைத்துக் காட்டினான். "அம்மா, இந்த எடத்துல ஆட்சேபணையுடன் பெற்றுக்கொண்டேன்னு எழுதிடுங்க. பணம் இப்பவே கெடைக்கும். பின்னால ஏதாச்சும் கேக்கணும்னா அப்பத்தான் கேக்க முடியும். எல்லாரும் அப்டித்தான் எழுதறாங்க."

எல்லாரும் என்ற சொல்தான் ராஜகுமாரிக்கு உறைத்தது. "வாங்கறத வாங்கிகினு மூஞ்சத் தூக்கறது எங்க வீட்டுப் பழக்கம் இல்ல தம்பி," என்றார். பேனாவை எடுத்து, சம்மதத்துடன் என்ற இடத்தில் போட்டார். போட்டுவிட்டுப் பேனாவைக் கஜபதியிடம் கொடுத்தார். கஜபதி எழுத்தரைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். பிறகு அக்கா போட்ட இடத்துக்குக் கீழேயே போட்டார். வெளியே வந்ததும், "கரும்புச் சாறு குடிக்கிறியாக்கா?" என்று கேட்டார். வேறொன்றும் கேட்கவில்லை.

ஐஸ் பெட்டி உறுமிக்கொண்டிருந்தது.

"புஷ்பா," என்றார் ராஜகுமாரி. "உனக்குத் தெரியுமா?"

"தெரியும் அண்ணி."

"எப்பலேந்து?"

"காயிதம் வந்த அன்னைக்கே."

"ஏன் எனக்குச் சொல்லல?"

புஷ்பா துணியை மடித்துப் பெட்டிமேல் வைத்தாள். "நான் சொல்லலாம்னுதான் சொன்னேன். அவருதான் வேணாம்னாரு. சொன்னா அக்கா சோறு திங்கமாட்டாங்க, படுத்துடுவாங்கன்னாரு. மனு தள்ளுபடி ஆயிடுச்சுன்னு சொன்னா, ஏன்னு கேப்பாங்க. அதனால இன்னும் ஆவல, நடக்குதுன்னே சொல்லிக்கலாம்னாரு." மடித்த துணியை மறுபடி கையில் எடுத்துக்கொண்டு, "நீங்க தொரைன்னு கூப்புடறது அவருக்குப் புடிக்கும் அண்ணி. திங்கக்கெழமைல மட்டும்தான அப்டி கூப்புடுவீங்க," என்றாள்.

ராஜகுமாரி கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டு ஃபைலின் அடுத்த தாளைப் புரட்டினார். அது கஜபதியின் முதல் மனு. லேத் பட்டறையில் அளவு குறித்துப் பழகிய சின்னச் சின்ன எழுத்து. நஷ்டங்களை எண் போட்டு எழுதியிருந்தார். வண்டி நிறுத்த இடமில்லை. மழை பெய்தால் கூடம்வரை தண்ணீர். கடன் இல்லை, மாடி இல்லை. ஆறுவரை எல்லாம் மனுவில் எழுதக்கூடிய விஷயங்கள். ஏழாவது இப்படி இருந்தது:

'ஐயா, இந்த வீட்டில் யாராவது காலமானால் தலைவாசல் வழியாக எடுத்துச் செல்ல இயலாது. வாசலுக்கும் சுவருக்கும் இடையே இரண்டரை அடி மட்டுமே உள்ளது. நானே அளந்து பார்த்தேன். என் மூத்த சகோதரி செல்வி ராஜகுமாரி அவர்கள் என்னை ஆளாக்கியவர்கள். அவர்களைப் பின்சந்து வழியாக எடுக்கும்படி எனக்கு நேரக்கூடாது. அவர்கள் அதைத் தாங்கமாட்டார்கள். இந்த நஷ்டத்துக்கு எவ்வளவு மதிப்புப் போடுவது என்று எனக்குத் தெரியவில்லை. தாங்களே பார்த்துப் போடவும்.'

ராஜகுமாரி அதை ஒருமுறைதான் படித்தார். தாளை மடிக்காமல் ஃபைலில் வைத்து நாடாவைக் கட்டினார். முடிச்சு விழவில்லை. சௌம்யா பக்கத்தில் வந்து உட்கார்ந்து கட்டிக் கொடுத்தாள்.

"அத்தே, தண்ணி குடிக்கிறியா?"

"வேணாம்."

வாசற்பக்கத்தில் துலுக்கானத்தின் குரல் கேட்டது. "யம்மா, மணி பன்னெண்டு ஆயிடுச்சு. மூங்கில வெட்டிட்டேன். எங்க வச்சிக் கட்டட்டும்? சந்துலயா?"

"சந்துலயே கட்டுப்பா," என்றார் பூபாலன். "அக்காவுக்கு நான் சொல்லிக்கிறேன்."

யூசுப் இன்னும் போகவில்லை. சமையலறைக் கதவோரமாக நின்றிருந்தார். "அக்கா, ஒரு விஷயம்," என்றார். "அண்ணன் எங்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டிருந்தாரு. அதச் சொல்லிட்டுப் போயிடறேன்."

"சொல்லுங்க."

"எங்க மனைக்கும் உங்களுக்கும் நடுவுல கீற செவுரு. அதோட முன்பக்கத்துல ஒரு ஆறடிய இடிச்சா, உங்க வாசல்லேந்து நேரா எங்க மனைக்கு வந்துடலாம். அங்கேந்து குறுக்குத் தெரு. பாடைய வாசலுக்கு முன்னாலயே குறுக்க வச்சி, ஆள தலைவாசல் வழியாவே தூக்கியாந்து படுக்க வச்சிடலாம். அண்ணன் அளவெல்லாம் எடுத்து படம் போட்டு வச்சிருந்தாரு. 'பாய், எங்கக்காவ எடுக்கற அன்னைக்கு அந்தச் செவுத்த எடுத்துக்க உடு, பதினாறாம் நாள் நானே கட்டிக் குடுத்துடறேன்'னு சொன்னாரு. நான் சரின்னுட்டேன்." யூசுப் ஐஸ் பெட்டிப் பக்கம் பார்க்காமல் பேசினார். "உங்களுக்காகத்தான் கேட்டாரு. அவருக்கே வேண்டி வரும்னு ரெண்டு பேரும் நெனைக்கல."



பூபாலன்தான் முதலில் வாய் திறந்தார். "இடிக்கறது சுலபம் பாய். நாளைக்குச் செவுத்துக்குக் காசு யாரு குடுக்கறது? இந்த ஊட்ல ஏற்கெனவே நெலத்துக்கு அலைஞ்சே ஒரு ஆள் பூட்டான். ஆசப்பட்டு, வக்கீலுக்குக் கொட்டி அழுது..."

"வக்கீலே கெடையாது," என்றார் ராஜகுமாரி.

குரல் உயரவில்லை. தொழிற்சாலையில் நாற்பது தையல் மிஷின்களுக்கு நடுவே ஒரு மிஷினை மட்டும் நிறுத்தச் சொல்லும் குரல் அது.

"வக்கீலும் இல்ல, கேஸும் இல்ல, ஆசயும் இல்ல. கேக்க வேண்டியத கேக்க முடியாதபடி சம்மதம்னு கையெழுத்து போட்டவ நான். படிவம் குடுத்த பையன் வேணாம்னு சொல்லியும் போட்டேன். அவன் எனக்காக அதுக்குக் கீழ போட்டான். அவ்ளோதான் நடந்தது. நீ இனிமே வேற மாதிரி பேசக் கூடாது பூபாலா."

பூபாலன் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். நல்ல மனிதர்தான், நாக்கு மட்டும் நீளம். "எனக்குத் தெரியாதுக்கா," என்றார்.

"எனக்கும்தான் தெரியாது."

ராஜகுமாரி எழுந்தார். யூசுப்பின் முன்னால் போய் நின்றார். அவரைவிட ஒரு தலை உயரம் யூசுப். ராஜகுமாரி நிமிர்ந்து பார்த்தார்.

"அந்தச் செவுத்த எழுப்பச் சொன்னது நான்," என்றார்.

"உடுங்கக்கா. அண்ணன் கேட்டாச்சு. நீங்க திருப்பிக் கேக்கணும்னு இல்ல."

"அவன் எனக்காகக் கேட்டான். அவனுக்காக நான் கேக்கணும்." கைகளைப் புடவையில் துடைத்துக்கொண்டார். அந்தக் கைகளை என்ன செய்வது என்று தெரியாததுபோல் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டார். "என் தம்பிய எடுக்கணும். அந்தச் செவுத்த எடுத்துக் குடுங்க."

யூசுப் தலையை ஆட்டினார். தொப்பியைச் சரி செய்துகொண்டார். "கடப்பார இருக்கா?" என்று துலுக்கானத்தைக் கேட்டார்.

"கடப்பார இல்லாம நான் எங்க போறேன்?" என்றார் துலுக்கானம். "பாய், நீ நவுரு. மெத்த தைக்கற கை அது. செவுரு ஒடைக்கறது என் டிப்பார்ட்மென்ட்."

"மொத அடி நான்தான் போடணும். என் செவுரு."

மேல் வரிசையில் யூசுப் போட்ட முதல் அடிக்குச் செங்கல் அசையக்கூட இல்லை. இருபத்தாறு வருடத்துக்கு முன் கோபத்தில் எழுப்பியது. சிமென்டைத் தாராளமாகப் போட்டிருந்தார். பிறகு துலுக்கானமும் பூபாலனும் அதற்குள் வந்து சேர்ந்திருந்த சௌம்யாவின் கணவனும் மாறி மாறி அடித்தார்கள். ஒரு மணி நேரம் ஆனது. கற்களைப் பெண்கள் கைமாற்றி அடுக்கினார்கள். ராஜகுமாரியும் வரிசையில் நின்றார். யாரும் தடுக்கவில்லை. ஆறடி திறந்ததும் வாசலுக்கு முன்னால் கிழக்குப் பக்கமாக வெளிச்சம் வந்தது. பதினொரு வருடமாக அந்தப் படியில் விழாத வெளிச்சம்.

துலுக்கானம் அந்த இரண்டரை அடிக்குள் பாடையைக் குறுக்காக வைத்துக் கட்டினார். கட்டி முடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தார். "அளவெடுத்தாப்ல ஒக்காந்துகினு கீது யம்மா," என்றார்.

"அளவெடுத்ததுதான்," என்றார் ராஜகுமாரி.

மூன்றரை மணிக்குக் குளிப்பாட்டினார்கள். வேட்டி கட்டிவிட்டுச் சட்டை போடும்போது ராஜகுமாரி எல்லாப் பொத்தானையும் தானே போட்டார். மேலிருந்து கீழாக, ஒவ்வொன்றாக. நாலு மணிக்குத் தூக்கினார்கள். கஜபதியின் தலைப்பக்கத்தைப் பூபாலன் பிடித்துக்கொண்டார், கால்பக்கத்தை மருமகன். கூடத்தைக் கடந்து, தலைவாசல் படியைத் தாண்டி, வெளியே கொண்டுவந்து பாடையில் கிடத்தினார்கள். படியில் எங்கும் இடிக்கவில்லை. யூசுப்பின் மனையில் மூட்டைகளை ஓரமாக ஒதுக்கி வைத்திருந்தார்கள். பாடையைத் திறப்பு வழியாக அங்கே கொண்டுபோய் இறக்கி வாய்க்கரிசி போட்டார்கள். புஷ்பா போட்டாள், சௌம்யா போட்டாள். ராஜகுமாரி போடும்போது குனிந்து அவர் காதருகே ஏதோ சொன்னார். பக்கத்தில் நின்ற சௌம்யாவுக்கு மட்டும் கேட்டது. ஒரே ஒரு சொல்தான். அந்தச் சொல்லைத் திங்கட்கிழமைகளில் மட்டும் சொல்வார்.

நாலாவது தோளுக்கு ஆள் குறைந்தது. துலுக்கானம் சுற்றிப் பார்த்துவிட்டு, "பாய், வா," என்றார். யூசுப் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து தோள் கொடுத்தார்.

மேளம் குறுக்குத் தெருவில் திரும்பித் தேய்ந்தது. பெண்கள் தண்ணீர் ஊற்றிக் கூடத்தைக் கழுவினார்கள். ராஜகுமாரி தலைவாசல் படியில் நின்றார். அங்கிருந்து சுவரின் திறப்பு வழியாக யூசுப்பின் மனை முழுவதும் தெரிந்தது, அதைத் தாண்டித் தெரு தெரிந்தது. ஒதுக்கி வைத்த மூட்டைகளில் ஒன்று கிழிந்திருந்தது. காற்றில் பஞ்சு எழுந்து திறப்பு வழியாக உள்ளே வந்தது. ஈரப் படியில் ஒட்டியது. புடவையில் ஒட்டியது. ராஜகுமாரி அதைத் தட்டிவிடவில்லை.

பதினாறாம் நாள் வந்து போனது. யூசுப் கொத்தனாரை அழைத்துவந்து நின்றபோது ராஜகுமாரி, "இப்ப இன்னா அவசரம்?" என்றார். கொத்தனார் காப்பி குடித்துவிட்டுப் போனார். அடுக்கி வைத்த செங்கற்கள் அப்படியே இருக்கின்றன. திங்கட்கிழமைகளில் யூசுப் கடைக்குப் போகும் வழியில் அந்தத் திறப்பில் நின்று, "அக்கா, போய்ட்டு வரேன்," என்கிறார். ராஜகுமாரி பேப்பரைத் தாழ்த்தித் தலையை ஆட்டுகிறார்.

கஜபதியைப் பின்சந்து வழியாக எடுத்தார்கள் என்று அயனம்பாக்கத்தில் ஒரு பேச்சு இருக்கிறது. தவறு. அவர் தலைவாசல் வழியாகத்தான் போனார்.